ஒரே நடுக்கம் என்று நினைத்தேன், இரண்டு இருந்தன

65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். சாலை லேசாக மேடேறுகிறது, ஆக்சிலரேட்டரில் கால் மெல்லப் பதிந்திருக்கிறது. திடீரென்று, சீப்பின் பற்களை யாரோ விரலால் வருடினாற்போல வண்டிக்கு அடியில் ஒரு நடுக்கம். இரண்டே விநாடி, நின்றுவிட்டது. சாலைதான் சரியில்லை என்று நினைத்தேன். மறுநாள் வேறொரு சாலையில், நல்ல வழவழப்பான தாரில், அதே வேகத்தில் அதே நடுக்கம் வந்தபோது வயிற்றைக் கலக்கியது.

வண்டிக்கு வயது 17. ஓடியிருப்பது 2,10,000 கிலோமீட்டர். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். வேறொருவர் ஓட்டிய வண்டியை வாங்கி ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். நெடும்பயணம் எதிலும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. அந்த வண்டியை அவ்வளவு எளிதாக விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பணிமனையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், வேற மாத்திடுங்க” என்றார்கள். எந்தக் கருவியையும் செருகவில்லை, கியர் ஆயிலின் குச்சியை உருவிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அன்று தலையாட்டியிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் நடுக்கம் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேறு மாதிரி, முரட்டுத்தனமாக, வண்டியையே பிடித்து உலுக்குவது போல இருந்தது. அந்த வித்தியாசம்தான் என்னை யோசிக்க வைத்தது.

மறுநாள் ஒரு சின்ன நோட்டை வாங்கி டாஷ்போர்டு அறையில் போட்டுக்கொண்டேன். நடுக்கம் வரும் ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரங்கட்டி எழுதினேன்: எஞ்சின் சூடா குளிரா, வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு, எந்தக் கியர், கால் எவ்வளவு அழுத்தியிருந்தது, மேடா சமதளமா, மழையா வெயிலா. இரண்டு வாரத்தில் 23 குறிப்புகள் சேர்ந்தன. உட்கார்ந்து படித்தபோது அவை தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்தன.

முதல் கூட்டம்: வண்டி நன்றாகச் சூடான பிறகு, 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்துக்குள், 1,500 முதல் 1,700 ஆர்பிஎம், கால் மெல்ல இருக்கும்போது. நடுக்கம் மெலிது, சீரானது. காலை அழுத்தினாலும் போய்விடும், எடுத்தாலும் போய்விடும். இரண்டாவது கூட்டம்: மேட்டில் நன்றாக அழுத்தி இழுக்கும்போது, வேகம் எதுவாயினும் சரி. உலுக்கல் முரட்டுத்தனம், ஒழுங்கில்லாதது. மழை நாட்களில் அதிகம். ஒரே பெயரில் இரண்டு நோய்கள் ஒளிந்திருந்தன. கியர்பாக்ஸை மாற்றியிருந்தால் ஒன்று போயிருக்கும், மற்றது அப்படியே இருந்திருக்கும்.

பழைய வண்டியில் இது சகஜம். புது வண்டி கெட்டால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். 17 வருட வண்டியில் நாலைந்து பாகங்கள் ஒரே சமயத்தில் அரைகுறையாகத் தேய்ந்திருக்கும், ஒன்றின் அறிகுறி இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

பிரித்துப் பார்க்க ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்தவர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலையே செய்து பழகிய ஒரு மூத்த மெக்கானிக். தெரிந்தவர் மூலம் அவரிடம் போனேன். நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

“தம்பி, நடுங்கும்போது பிரேக்கை லேசாத் தொட்டுப் பார்த்தீங்களா?”

“இல்லண்ணே.”

“பாருங்க. ஆக்சிலரேட்டர்ல வச்ச காலை எடுக்காதீங்க. பிரேக் லைட் எரியற அளவுக்கு இடது கால்ல தொட்டா போதும், பிடிக்கவே கூடாது. பின்னாடி வண்டி வராத இடமாப் பார்த்துச் செய்யுங்க.”

இதன் சூட்சுமம் இது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆயிலின் ஓட்டத்தால்தான் அது சுழற்சியைக் கடத்துகிறது. அதனால் எப்போதும் கொஞ்சம் நழுவல் இருக்கும். சீரான வேகத்தில் அந்த நழுவல் வீண் செலவு என்பதால், உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் இறுகப் பூட்டிவிடும். இதைத்தான் லாக்-அப் என்கிறார்கள். பிரேக் மிதியின் சுவிட்ச் விழுந்ததும் வண்டியின் கணினி அந்தப் பூட்டைத் திறந்துவிடும். ஆக, பிரேக்கைத் தொட்ட நொடியில் நடுக்கம் மறைந்தால் சந்தேகம் லாக்-அப் மேல் போகும். தொட்டும் தொடர்ந்தால் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

அன்று மாலையே வெறிச்சோடிய சாலையில் செய்து பார்த்தேன். மெலிதான நடுக்கம் பிரேக்கைத் தொட்டதும் சட்டென்று நின்றது, ஆர்பிஎம் முள் 200 போல மேலே எழுந்தது. காலை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது, நடுக்கம் திரும்பியது. அப்புறம் மேட்டில் அழுத்திப் பார்த்தேன். முரட்டு உலுக்கல் பிரேக்கைத் தொட்டாலும் நிற்கவே இல்லை. செலவே இல்லாத ஒரு சோதனை, பத்து நிமிடம், பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இரண்டில் முதலில் எஞ்சினை எடுத்துக்கொண்டேன். எஞ்சினில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் அவ்வப்போது எரியாமல் போவது) இருக்கும் வரை கியர்பாக்ஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. கியர் எப்போது மாற வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை எஞ்சின் தரும் தகவல்களை வைத்துத்தான் கணினி தீர்மானிக்கிறது.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள அந்தச் சாக்கெட்டில் செருகும் எளிய கருவியே போதும், நேரலை எண்களைக் காட்டினால் சரி. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருந்தும் உள்ளே ஒரு பிழைக் குறியீடு காத்திருந்தது: பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அந்த மிஸ்ஸிங். பி0300 வந்தால் எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள், பி0301 முதல் கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். குறியீட்டைப் பார்த்த கையோடு அழித்துவிடாதீர்கள். குறியீடு பதிந்த நேரத்து வேகம், வெப்பம், சுமை எல்லாம் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி முனையைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் விளக்கு சும்மா எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். மின்னி மின்னி எரிந்தால் காலைத் தளர்த்தி, வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும்.

எஞ்சின் ஆறியபின் மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை உருவினேன். வழக்கமாக வறண்டு வர வேண்டியது வழுக்கிக்கொண்டு வந்தது. காயிலின் ரப்பர் குழாய் பாதிவரை ஆயிலில் ஊறி, விரலால் அமுக்கினால் பதியும் அளவுக்கு இளகிப்போயிருந்தது. டார்ச் அடித்து பிளக் குழிக்குள் பார்த்தால் அடியில் கறுப்பாக ஆயில் தேங்கிக் கிடந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்து, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானின் மேல் நெடுக, பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. ரப்பருக்குள் பார்த்தால் அதற்கு நேர் எதிரே அதே போல இன்னொரு கோடு.

அந்தக் கோடு மின்சாரம் போட்ட தடம். காலை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று அதிகம் அடைபடும். அந்த அழுத்தத்தில் பிளக்கின் முனையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அங்கே தாவுவதைவிட ரப்பரைத் துளைத்துப் பக்கத்து உலோகத்துக்குப் போவது எளிதாகிவிட்டால் மின்சாரம் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். சும்மா நிற்கும்போது எஞ்சின் அமைதியாக இருப்பதும், மேட்டில் மட்டும் உலுக்குவதும், ஈரமான நாளில் அதிகமாவதும் இதனால்தான். என் நோட்டில் இருந்த மழை நாட்களுக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

கண்ணால் பார்த்தும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது காயிலை ஒன்றாவது சிலிண்டருக்கும், மூன்றாவது பிளக்கை நான்காவதுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். குறியீடு பி0301 என்று வந்தது. காயிலோடுதான் நோய் போகிறது, பிளக்கோடு இல்லை. இப்படி இடம் மாற்றிப் பார்ப்பதற்குப் புதுப் பாகமே தேவையில்லை.

புதுக் காயில், நான்கு பிளக், டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங், கூடவே பிளக் குழிகளைச் சுற்றி வரும் ரப்பர் வளையங்கள் மாற்றினேன். பேக்கிங்கை மட்டும் மாற்றி வளையங்களை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஆயில் குழிக்குள் வருவதே அந்த வளையம் வழியாகத்தான். பிளக்கை எஞ்சின் ஆறிய நிலையில் மட்டும் கழற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் (எஞ்சினின் தலைப்பகுதியில்) சூட்டோடு கழற்றினால் மரை உரிந்து வரக்கூடும்.

வேலை முடிந்தது என்று அந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சரி, ஆயில் ஏன் மேல வந்துச்சு?”

வயசாகிவிட்டது, ரப்பர் இறுகிவிட்டது என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் பிசிவி வால்வைப் பார்க்கச் சொன்னார். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குக் கசியும். அதை உறிஞ்சி மறுபடி எஞ்சினுக்கே எரிக்கக் கொடுக்கும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த ரப்பர் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே டிக் டிக் என்று ஆட வேண்டும். என்னுடையது கல் மாதிரி இருந்தது.

கழற்றாமலே பார்க்கவும் வழி உண்டு. எஞ்சினை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்ப்புறத்தில் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போர்த்துங்கள். நல்ல நிலையில் கையுறை லேசாக உள்ளே இழுபடும். என் வண்டியில் ஐந்து விரலும் விறைத்து நின்றன.

ரிங் தேய்ந்து வாயு அதிகமாகக் கசிந்தாலும் கையுறை உப்பும். அதனால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்காமல் விட முடியவில்லை. எஞ்சினைச் சூடாக்கி, பிளக் கழற்றும் அளவுக்கு ஆறவிட்டு, பெட்ரோல் பம்பின் ஃப்யூஸையும் காயில் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மானியில் அழுத்தம் ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். 172, 168, 165, 170 பிஎஸ்ஐ. தனி எண்ணைவிட அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் குறைந்தால் கவலைப்பட வேண்டும். அப்படிக் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங்கான ஹெட் கேஸ்கெட் என்று பிரிக்கலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். 2,10,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் காட்டிய அந்த நான்கு எண்களைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இனி இந்த வண்டிக்குச் செய்யும் செலவு வீண் போகாது என்று அன்றுதான் நம்பிக்கை வந்தது. என்னைக் கேட்டால், பழைய வண்டியில் பெரிய வேலை எதையும் கம்ப்ரெஷன் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

பிசிவி வால்வின் ரப்பர் ட்யூபை எடுத்தபோது அதன் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பிளந்திருந்தது. ஸ்கேனரில் நான் பார்த்தும் புரியாமல் விட்ட ஒரு எண்ணுக்கு அதில் விடை இருந்தது. ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு கணக்கு உண்டு. காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை விட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கணினி வைத்திருக்கும் கணக்கு. என் வண்டியில் ஐடிலில் 14 சதவீதம் கூடுதல், 2,500 ஆர்பிஎம்மில் 3 சதவீதம்தான். ஐடிலில் அதிகமாகவும் ஆர்பிஎம் ஏறினால் குறைவாகவும் இருந்தால், அளக்கப்படாத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று பொருள். அந்தப் பிளவு ஐடிலில் பெரிய பங்கு, எஞ்சின் நிறையக் காற்று இழுக்கும்போது சின்னப் பங்கு. தலைகீழாக, சுமை ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் தேட வேண்டும். ட்யூபை மாற்றிய பிறகு ஐடிலிலும் 3க்கு இறங்கிவிட்டது.

இப்போது மேட்டில் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. மிச்சம் இருந்தது அந்தச் சீப்பு நடுக்கம்.

கியர் ஆயில் குச்சியை உருவினேன். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் இதை எஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடான நிலையில், பி-யில் (பார்க்கிங்) வைத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் என்-இல் (நியூட்ரல்). குச்சியே இல்லாத கியர்பாக்ஸ்களில் குறிப்பிட்ட வெப்பத்தில் பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டியது காய்ச்சிய கஷாயம் போலப் பழுப்பேறியிருந்தது. முகர்ந்தேன், தீய்ந்த வாடை இல்லை. தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கும். இளஞ்சிவப்பில் பால் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ஒன்பது வருடத்தில் நான் இந்த ஆயிலை மாற்றியதே இல்லை. முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பதற்கும் தாள் எதுவும் இல்லை. எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றியவன் இதை மறந்தே போயிருந்தேன். ஆட்டோமேட்டிக் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. அதில் கலந்திருக்கும் சில சேர்மானங்கள்தான் லாக்-அப் கிளட்ச் மெதுவாக, ஒரே சீராகப் பிடிக்க உதவுகின்றன. அவை தீர்ந்துபோனால் கிளட்ச் பிடித்து, நழுவி, மறுபடி பிடித்து நடுங்கும். ஈர விரலைக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தால் தடதடக்கிறதே, அதே கதை.

பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று பலரும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. பெரும்பாலானவர்கள் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயிலை மாற்ற நினைக்கிறார்கள். கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், புது ஆயில் அதைக் காப்பாற்றாது, பழி ஆயில் மேல் விழும். என் வண்டியில் வழுக்கல் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. ஆகவே மாற்றுவதுதான் சரி என்று முடிவெடுத்தேன். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை மட்டும் வேண்டாம் என்றேன். வடித்து ஊற்றுவது போதும்.

கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் சேம்பரைக் கழற்றியபோது அதன் அடியில் இருந்த காந்தத்தைத்தான் முதலில் பார்த்தோம். சாம்பலைக் குழைத்துப் பூசியது போல அதன் மேல் ஒரு பசை. விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழவழவென்று இருந்தது, நறநறப்பு இல்லை. இது வயதான கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய தேய்மானம். மணல் போல நெருடினாலோ, இரும்புச் சீவல்களோ பித்தளை நிறத் துணுக்குகளோ கிடந்தாலோ அங்கேயே நிறுத்திக் கியர்பாக்ஸைப் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். ஃபில்டரை மாற்றி, காந்தத்தைத் துடைத்து, சேம்பரை டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்கினோம். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு அழுத்தம் மிகக் குறைவு. பலத்தைக் காட்டினால் மரை போகும், சேம்பரின் விளிம்பு வளைந்து கசியும்.

வடிந்தது மூன்றரை லிட்டர். மொத்தக் கொள்ளளவு எட்டு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் ஒரே தடவையில் முழு ஆயிலும் மாறாது. வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, இப்படி மூன்று முறை செய்தோம். கணக்குப் போட்டால் மூன்றாவது முறைக்குப் பிறகு உள்ளே பழைய ஆயில் 18 சதவீதம் போல மிஞ்சும். இதில் ஆயிலின் வகை உயிர்நாடி. கையேட்டில் எழுதியிருக்கும் தரக் குறியீடே டப்பாவிலும் இருக்க வேண்டும். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்பதை நம்பித் தவறான ஆயிலை ஊற்றினால், இல்லாத நடுக்கம் புதிதாக வரும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கூடாது, நுரைத்துப் போய் அழுத்தம் சரியாக நிற்காது.

முதல் தடவைக்குப் பிறகு நடுக்கம் பாதியானது. இரண்டாவதுக்குப் பிறகு நான் வேண்டுமென்றே அந்த 65 கிலோமீட்டரில் அந்த மேட்டைத் தேடிப் போய் ஓட்டியும் வரவில்லை. எல்லா வண்டிக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். லாக்-அப் கிளட்சின் பட்டையே தேய்ந்துபோயிருந்தால் டார்க் கன்வெர்ட்டரை மாற்றாமல் தீராது. ஆனால் ஆயிலில் தொடங்காமல் கன்வெர்ட்டருக்குப் போவது தவறு.

இதற்குப் பிறகு வந்த இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டுமே கியர்பாக்ஸ் வேடம் போட்டு வந்தவை. ஒரு கட்டத்தில் வண்டி காலையில் கிளம்பி வெகுநேரம் நான்காவது கியருக்குப் போக மறுத்தது. கியரை மாற்றும் மின் வால்வான சொலினாய்டு என்று பயந்து மல்டிமீட்டரில் அளந்தேன், எல்லாம் கையேட்டின் அளவுக்குள்ளேயே இருந்தன. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அரைமணி நேரம் ஓடியும் 62 டிகிரி, 90ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. பல வண்டிகளில் எஞ்சின் சூடாகாத வரை கணினி கடைசிக் கியரையும் லாக்-அப்பையும் அனுமதிக்காது. சின்னத் தெர்மோஸ்டாட் ஒன்றை மாற்றியதும் நான்காவது கியர் திரும்பி வந்தது. மற்றொன்று, பி-யிலிருந்து டி-க்கு மாற்றும்போது வந்த “டொக்” சத்தம். பிரேக்கை உறுதியாக மிதித்தபடி ஒருவர் டி-க்கும் ஆர்-க்கும் மாற்ற, பானெட்டைத் திறந்து நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. பின்புற எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது.

கையால் கியர் மாற்றும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்ந்த கியரில் அழுத்தும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, கிளட்ச் ஃப்ளூயிடையோ கேபிளையோ முதலில் பாருங்கள். ஒரு கியரில் மட்டும் கரகரத்தால் சின்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்ற வேண்டாம், அதன் சேர்மானங்கள் பித்தளைச் சின்க்ரோக்களை அரிக்கக்கூடும்.

வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வண்டியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்த பிறகே படுங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் வாதாட மாட்டேன்.

இதெல்லாம் நடந்து 14 மாதம் ஆகிறது. நோட்டு இப்போதும் டாஷ்போர்டு அறையில் இருக்கிறது. போன மாதம் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில், சீலைச் சுற்றி ஒரு ஈரம் கண்ணில் பட்டது. துடைத்துவிட்டு, ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தபோது அதில் சிவப்பாக ஒரே ஒரு பொட்டு. குச்சியில் அளவு குறையவில்லை. தேதியைப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் அதே இடத்தில் அட்டையை மறுபடி விரிக்க வேண்டும்.